தெரியாது என்று சொன்னேன்

மார்கிலான்,
ஏப்ரல் 12

அன்பு மகள் ஷஹ்னோஸாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கஸான் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். என் முழங்கால் பழையபடிதான், ரத்த அழுத்தம் பரவாயில்லை, முற்றத்து ஆப்ரிகாட் மரம் பூத்துக் கொட்டிவிட்டது. இவ்வளவுதான் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிட்டு அழாதே.

உன் அப்பா போன இந்த மூன்று வருஷத்தில் நான் எப்படி ஒடுங்கிப் போனேன் என்று உனக்குத் தெரியும். தெருப் பெண்கள் மாதம் ஒரு வீடாக முறை வைத்துக் கூடிச் சாப்பிடுவோமே, அதற்கு அழைக்கப் பக்கத்து வீட்டு ராபியா மாதம் தவறாமல் கதவைத் தட்டுவாள். தன் முறை வந்தால், "இன்னிக்கு எங்க வீட்டு முறை, எல்லாரும் வந்தாச்சு, உங்களுக்காகத்தான் புலாவ் இறக்காம வச்சிருக்கேன், எழுந்து வாங்கக்கா" என்பாள். நான் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முதலில் அது துக்கம், பிறகு சோம்பல், பிறகு உண்மையைச் சொன்னால் சுகம். யாருக்காகவும் தலை சீவ வேண்டாம், யார் வீட்டு இழவுக்கும் போக வேண்டாம். நீயும்தானே சொன்னாய், "ஊருக்கு உழைச்சது போதும்மா, இனிமேலாவது ஒதுங்கி நிம்மதியா இருங்க" என்று. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் ராபியாவும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் ராபியாவின் மகள் திலோராவுக்குக் கோகந்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனை அவளுக்கும் பிடித்துப்போயிருந்ததாம். ரொட்டி பிட்டு உறுதி செய்வதற்கு முன்னால் பையன் வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்தில் நாலு வீடு ஏறி விசாரிப்பது நம் வழக்கம்தானே, அப்படி இரண்டு பேர் என் கதவையும் தட்டினார்கள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் யாரோடயும் பழகறதில்ல" என்று சொல்லிச் சாத்திவிட்டேன். அடுப்பில் சூப் வேறு கொதித்துக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தெருவுக்கு நர்ஸாக இருந்தவள், நான் ஊசி போடாத குழந்தை இங்கே கிடையாது. அப்படிப்பட்டவளே அடுத்த வீட்டுப் பெண்ணைத் தெரியாது என்கிறாளே, ஏதோ வெளியே சொல்ல முடியாத வியாதி இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ரொட்டி வாங்கப் போன இடத்தில் இது என் காதில் விழுந்தது. சம்பந்தம் முறிந்து அப்போதே ஒரு வாரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து என்னென்ன சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? நான் பொய் சொல்லவில்லையே என்றேன். இப்படிச் சந்தேகப் பிராணிகள் வீட்டுக்குப் போகாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்றேன். ராபியா பெருநாளுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றேன், திறக்காத கதவை அவள் எத்தனை தடவை தட்டுவாள்! கடைசியில், எனக்கு வயதாகிவிட்டது என்றேன். அதுதான் எல்லாவற்றிலும் வசதியான சமாதானம் மகளே, அதற்குப் பிறகு எதற்கும் நாம் பொறுப்பில்லை. பத்து நாள் அப்படி ஓட்டினேன். பிறகு ஒரு நாள் துணி உலர்த்தும்போது சுவருக்கு அந்தப் பக்கம் திலோரா தன் தாயிடம், "எனக்கு அப்படி என்னம்மா குறை?" என்று கேட்பது கேட்டது. கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு கோகந்துக்குக் காரேறினேன். பையனின் தாயிடம், "அந்தப் பொண்ணுக்கு எல்லா ஊசியும் போட்டவ நான்தான், ஒரே ஒரு தடவை அம்மை வந்துச்சு, வேற ஒண்ணுமில்ல, பத்தரை மாத்துத் தங்கம். வியாதி எனக்குத்தான் இருந்துச்சு" என்றேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா, இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? போன வியாழக்கிழமை வேற இடத்துல ரொட்டி பிட்டாச்சே" என்றாள்.

திரும்பியதும் என் வீட்டுக்குப் போகாமல் நேராக ராபியா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை, "ரெண்டு வருஷம் தட்டினேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திலோராதான் டீ கொண்டுவந்தாள், கோப்பை நிறைய, விளிம்பு தளும்ப ஊற்றி என் முன்னால் வைத்தாள். வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவோம், நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இந்த வயதில் முதல் முறையாக எனக்கு அப்படி ஊற்றினார்கள். நாக்கு வெந்தாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். இன்றோடு ஒன்பது நாள். கதவைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான், ஆனால் அவர்கள் ஒரு நாளும் என்னை வாசலில் நிறுத்தவில்லை. இன்று திலோரா வைத்த கோப்பையில் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. கை தவறிக்கூட இருக்கலாம். நாளைக்கும் போவேன்.

என் தெருக்கதவு இப்போது பகலெல்லாம் திறந்துதான் கிடக்கிறது, திலோராவை விசாரித்து யார் வந்தாலும் நான் வாசலிலேயே இருப்பேன். என்னை ஒதுங்கி இருக்கச் சொல்லாதே கண்ணே, நீ பாசத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். அல்லாஹ் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. போன குளிர்காலத்தில் உன் எதிர்வீட்டில் தனியாக இருக்கும் கிழவர் யார் என்று கேட்டேன், நீ தெரியாது என்றாய். அவர் பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

உன் அம்மா,
சபோஹத்