நூறு போடாத கை

நேற்று அரையாண்டுத் தாள்களைத் திருத்தும்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தமிழில் நூறு போட்டுவிட்டேன். ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாருக்கும் நூறு போடாதவள், திடீரென்று போட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள். "ரிட்டயர்மென்ட் வருதுல்ல, மனசு எளகிடுச்சு" என்று கணக்கு டீச்சர் கிண்டல் செய்தாள். நானும் சிரித்துவைத்தேன். காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. சிவப்பு மை காய்வதற்குள் உன் முகம் வந்துவிட்டது.

தி.நகரில் நம் பள்ளிக்கு நீ கவுன்சலராக வந்தபோது உனக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதுவரை உடைந்த பெஞ்சுகளும் விளையாட்டு விழாக் கொடிகளும் கிடந்த அறை. நீயே பெருக்கித் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டாய். என்னைவிட இருபது வயது சின்னவள், முதல் நாளே என்னை அக்கா என்றாய். வீட்டில் உருது பேசுகிறவள். பத்தாவதில் தமிழில் அறுபத்தொன்று வாங்கிய கதையைச் சொல்லிவிட்டு, என்னிடம் படித்திருந்தால் அதுவும் வந்திருக்காது என்றாய். உண்மைதான்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் நினைவிருக்கிறதா? தமிழில் நான் அவளுக்கு இருபத்து மூன்று போட்டிருந்தேன். நீ அழைத்ததும் வடபழனியிலிருந்து ஆட்டோவை ஓட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். வந்த வேகத்தில், "இன்னா மேடம், என் பொண்ணுக்கு மூள சரியில்லன்னு சொல்றியா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கோபம் வந்தது. உனக்கு வரவில்லை, அவர் பேச்சிலேயே பதில் சொன்னாய்.

"மூள நல்லாவே கீதுண்ணா. பேப்பர்ல எழுத்துதான் அவளுக்கு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது."

பிறகு அதே வினாத்தாளை எடுத்து, அவளிடம் ஒவ்வொரு கேள்வியாக வாயால் கேட்டாய். அந்தப் பெண் சொன்னாள். நான் நடத்திய செய்யுளுக்கு நான் சொன்ன பொருளைவிட நன்றாகவே சொன்னாள். அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ யார் என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அதற்குப் பிறகுதான் பள்ளி உளவியலில் முனைவர் பட்டம் படிக்கவேண்டும் என்ற ஆசை உன்னைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் பிள்ளைகளுக்காகச் செய்த வாசிப்புச் சோதனையை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளை அளக்கிறோம், தமிழ் எழுத்துக்கென்றே ஒன்று செய்யவேண்டும் என்பாய். முப்பத்தெட்டு வயதில், ஏழு வயது மகளோடு, வெளிநாட்டில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம். இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம், அதற்குமேல் எனக்குத் தெம்பு இல்லை என்று நீயே சொன்னாய். பள்ளி விட்டதும் பனகல் பார்க் பக்கத்து டிபன் கடையில் உட்கார்ந்து, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று எழுதும் கட்டுரையை எத்தனை முறை மாற்றினாய். நடுநடுவே என்னைக் கேட்பாய்: பிள்ளைகள் 'ண'வையும் 'ன'வையும் எங்கே குழப்புகிறார்கள், 'ர'வும் 'ற'வும் வந்தால் எதில் தடுமாறுகிறார்கள். நான் சொல்லச் சொல்ல, ஆறிப்போன காபியைத் தள்ளிவைத்துவிட்டு எழுதிக்கொள்வாய்.

மூன்று பேர் உனக்காகப் பரிந்துரை எழுதவேண்டும். உதவித் தலைமையாசிரியை என்ற முறையில் உன் வேலையை நேரில் பார்த்தவள் நான்தான். எழுதுகிறவர் என்ன எழுதினார் என்று பார்க்கும் உரிமை உனக்கு உண்டாம், வேண்டாமென்றால் விட்டுக்கொடுக்கலாமாம். "விட்டுக்குடுத்துட்டேன்க்கா. நீங்க எழுதினத நான் போய் செக் பண்ணுவேனா?" என்றாய்.

நீ பார்க்காததை இப்போது சொல்கிறேன். அந்தப் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஆராயும் திறன், எழுத்து, மனிதர்களோடு பழகும் விதம், ஒவ்வொன்றிலும் நீ எந்த இடம் என்று குறிக்கவேண்டும். முதல் கட்டம், நான் பார்த்தவர்களிலேயே மிகச் சிறந்தவர். இரண்டாவது, சிறந்தவர். மூன்றாவது, நல்லவர். என் கை முதல் கட்டத்துக்குப் போகவே இல்லை. இரண்டிலும் மூன்றிலுமாகக் குறித்துக்கொண்டே இறங்கினேன். கீழே கடிதத்துக்கு விட்ட இடத்தில் ஐந்து வரி: நேரம் தவறாதவர், பணிவானவர், ஒப்படைத்த வேலையைத் திருப்தியாக முடிப்பவர். நம் வாட்ச்மேன் ஓய்வுபெற்றபோது நான் வாசித்த வாழ்த்து மடல் இதைவிட நீளம்.

மூன்று இடத்தில் நேராக மறுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் வீடியோவில் நேர்காணல் வைத்து, காத்திருப்போர் பட்டியலில் போட்டு, பிறகு இல்லை என்றார்கள். என் கட்டங்களால்தானா? தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கும்போது என் மேஜைக்கு வந்து, "லெட்டர்ல வேற ஏதாவது சேக்கணுமாக்கா? நான் இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாய். வாயைத் திறந்து சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. போன தடவை நன்றாகத்தான் எழுதியிருந்தேன், இந்தத் தடவையும் எழுதுகிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனாய்.

பழக்கதோஷம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழ் வாத்தியார் புத்தி, யாருக்கும் முழுசாகப் போட வராது என்று. பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ போனால் அந்த அறையில் மறுபடி உடைந்த பெஞ்சு வந்துவிடும் என்று பயந்தேன். சாயங்காலம் மயிலாப்பூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசிச் சிரிக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குக் கண்டிப்பு என்று பேர் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டாய். மருத்துவமனைக்கு நான் வந்தபோது உள்ளே விடவில்லை. மறுநாள் அடையாறில் உன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உன் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இந்த வருஷமும் மொதல்ல உங்க பேரத்தான் டீச்சர் போட்டா. அக்கா எழுதினா போதும்னு சொல்வா" என்றார். உன் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்னால் அந்த வாசலில் நிற்க முடியவில்லை.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து நினைவூட்டல் மெயில் வந்தது. உன் பரிந்துரை இன்னும் வரவில்லை, கடைசித் தேதி நெருங்குகிறது என்று உன் பெயரைப் போட்டு எழுதியிருந்தது. அங்கே யாருக்கும் செய்தி தெரியாது. அன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் முதல் கட்டம். கடிதத்தில் ஆட்டோக்காரரை எழுதினேன், அவர் மகளை எழுதினேன், நான் போட்ட இருபத்து மூன்றை எழுதினேன். என் முப்பது வருஷத்தில் இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். அழுதுகொண்டே எழுதியதால் எழுத்துப்பிழை இருந்திருக்கும், திருத்தவில்லை. அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. பரிந்துரை கிடைத்தது, நன்றி. விண்ணப்பதாரர் தம் பகுதியை இன்னும் முடிக்கவில்லை. அந்த மெயிலை நான் அழிக்கவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன். முடிக்காமல் விட்டது அவள் இல்லை, நான்தான் என்று அவர்களுக்கு எழுதப் பார்த்தேன். இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று கீழே போட்டிருந்தார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.