அமிலத் தொட்டியைப் பெயர்த்த அன்று

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். எப்போதும் இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இன்று எழுதி முடித்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன், அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். ஆறு வாரமாக நான் உன்னோடு பேசவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னது பொய். எந்த மனிதன் அத்தனை முறை குளிப்பான்?

என் கோபம் உனக்குத் தெரிந்ததுதான். பழுப்புக் கடற்பாசியிலிருந்து தண்ணீரில் கூழாகிற ஆல்ஜினேட் மாவு எடுக்க இந்தக் காட்டமான அமிலமும் ஃபார்மலினும் வேண்டாம், எலுமிச்சையில் இருக்கிற மாதிரி மென்மையான அமிலம் போதும், ஒலி அலையால் பாசியை அதிரவைத்தால் தண்ணீரும் நேரமும் பாதி மிச்சம், கழிவுத் தண்ணீரில் விஷமும் குறையும் என்று உன் ஆய்வுக்கூடத்திலிருந்து எங்கள் மேலாளருக்கு எழுதினாய். இருபத்திரண்டு வருடம் அமிலத் தொட்டிக்கு மேஸ்திரியாக நிற்கிற அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். புது முறை வேண்டாம் என்று நாங்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்தே என்னுடையது. மேலாளர் அசரவில்லை, மூலையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் நீ எழுதியபடி செய்து பார்த்தார். கூழ் தண்ணீராக ஓடப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். கெட்டித்தன்மை பார்க்கிற அளவுக் குவளையில் ஊற்றினால், அடித்துளை வழியாக இறங்க மனமில்லாமல் நிற்கிறது. நம் கூழைவிடக் கெட்டி. காட்டமான அமிலம் கூழைக் கெட்டியாக வைத்திருக்கிற நீளச் சங்கிலிகளை நறுக்கிவிடும், இதில் அவ்வளவாக அறுபடவில்லை என்றார் சோதனைக்கூடத்துக்காரர். குவளையைக் கழுவிக் கழுவி மூன்று முறை ஊற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதுகூடப் பெரிதில்லை பாப்பா. போன செவ்வாய்க்கிழமை பெரிய பாத்திரம் வைக்க இடம் வேண்டுமென்று என் இரண்டு தொட்டிகளில் ஒன்றைப் பெயர்த்தார்கள். தூக்கியதும் அடியில் தரை ஓடுகள் கறுத்துக் கிடந்தன. கொத்தனார் கடப்பாரையால் லேசாகத் தட்டினார், கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல ஒரு முழம் உள்ளே போய்விட்டது. உருவினார். அந்த ஓட்டை வழியாகப் பேச்சுச் சத்தம் மேலே வந்தது, யாரோ சிரித்தார்கள். உன் அம்மாவின் சிரிப்பு. கீழேதான் அவள் வேலை செய்கிற மூட்டை கட்டும் அறை, மதியச் சாப்பாட்டு நேரம், ஆறு பேர் இருந்தார்கள். மாவில் தூசி விழாமலிருக்க அங்கே மேலே தகரம் அடித்திருப்பதால் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. ஓட்டு இடுக்குகளில் கசிந்த அமிலம் தளத்தைத் தின்று, உள்ளே கம்பியெல்லாம் நூலாகியிருந்தது. கசிகிறது என்று தெரிந்தபோதெல்லாம் மேலே சிமெண்ட் பூசி மூடியவன் நான்தான். பக்கத்திலேயே என் இரண்டாவது தொட்டி, விளிம்பு வரை நிறைந்து நிற்கிறது.

அதைக் காலி செய்யுங்கள் என்று கைகாட்டிவிட்டுக் கீழே ஓடினேன். வெளியே வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, காற்றுத்தான் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அம்மாவின் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அவள் திட்டிக்கொண்டே துரத்தி வந்தாள், மேஸ்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்படித்தான் அந்த அறை காலியானது. "கண்ணாடிய மேசை மேலயே வச்சிட்டேன், இருங்க எடுத்துட்டு வர்றேன்" என்று அம்மா திரும்பினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அத்தனை பேர் முன்னால், விடவே இல்லை. தொட்டி பாதி வடிவதற்குள் கதவளவு தளம் தகரத்தோடு அந்த மேசைமேல் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தூசி அடங்கியபிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள், "இது எத்தனை வருஷமா இப்படி இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கழிவுத் தண்ணீரை நினைத்துத்தான் நீ எழுதினாய், இந்தத் தரை உனக்கும் தெரியாது. ஆனாலும் நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தத் தொட்டி இன்னும் அங்கேதான் நிற்கும். மனுவில் என் பெயரை அடித்துவிட்டேன். வேலைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, முட்டுக்கொடுத்து வேறு தளம் போடுகிறார்கள். எங்கே நடந்தாலும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு நடக்கிறேன், அம்மா சிரிக்கிறாள். பெரிய பாத்திரத்துக்கு அந்த அமிலம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம் அதிரவைக்க வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. மேலாளருக்கு எழுதியது போதும், இனிமேல் எனக்கு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாக இரு தாயே. மறக்காமல் ஒன்று செய், நீ வேலை செய்கிற கூடத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா