குறை எழுதாத வண்டி

நெய்வேலி,
திங்கள் காலை.

அன்புள்ள அப்பாவுக்கு, செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் கம்பெனி புதிதாக மாற்றி வடிவமைத்த பிக்கப் வண்டியைச் சுரங்கச் சாலையில் மூன்று மாதம் ஓடவிட்டு, வரும் பழுதையெல்லாம் எழுதுவதுதான் என் வேலை. ஐந்து வாரமாகியும் நோட்டில் ஒரு வரி இல்லை. டிரைவர் ரியாசுதீன் அண்ணனைக் கேட்டால், "நல்லா ஓடிக்கினு இருக்குதுங்க மேடம்" என்பார். சனிக்கிழமை நடுவழியில் ஆவி பறக்க நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் குழாயைச் சுற்றி சைக்கிள் டியூப்!

"இது எப்ப இருந்துண்ணே?"

"ரெண்டாவது வாரமே ஒழுகிக்கினு இருந்துச்சுங்க. நான்தான் கட்டி வச்சேன். என் கையில குடுத்த வண்டிய நானே குறை சொல்லலாங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல வண்டி என்று நான் எழுதிவிட்டால், வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரியாசுதீனையும் சேர்த்தா கொடுப்பார்கள்?

நீங்களும் அதே ரகம்தான். டாக்டரிடம் போகாமல் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு சமாளிப்பவர். இந்த முறை மறைக்காமல் எழுதுங்கள்.

பீரோ மேல்தட்டில் இருக்கும் கை தளர்வான சுடிதார் இரண்டை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் நான் ஒருத்திதான். நீங்கள் படித்து முடித்த வார இதழ்களையும் பெட்டியில் வையுங்கள்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. மேலே "நான் நலம்" என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பானெட்டைத் திறந்தது நான்தான். ஆவி பட்டு இடது கையில் முழங்கை வரை கட்டு. பத்து நாளில் ஆறிவிடுமாம்.

நான் டாக்டரிடம் போனேன், அப்பா.

செண்பா