சாம்பிராணி மணத்த பரண்

என் ஆசை நைனாவுக்கு,

நீ கேட்டே ஆக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நீ குடித்துவிட்டு விழுந்தாய் என்று எழுதி வைத்த அந்த சூப்பர்வைசரை நேற்று பார்த்தேன். திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருக்கிறான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், எனக்கு அதுவே வயிற்றெரிச்சல்.

நீ வேலை பார்த்த தடா ஊர்க் கம்பெனிக்கு வெளிநாட்டு மெஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்து இறங்கிய காலம். பெட்டி பிரிப்பது உன் வேலை. பலகையை முகர்ந்து பார்த்து, சாம்பிராணி வாசனை அடிக்கிற மரத்தைப் பூச்சி தொடாது என்று நீதான் சொன்னாய். அதை நம்பி குடோனில் பரண் கட்டினார்கள். ஏன் நைனா அப்படிச் சொன்னாய்? வேம்பும் மாவும் அறிந்த உனக்கு, அந்த மரத்தையே தின்று வளரும் நீளக்கொம்பு வண்டு ஒன்று அதற்குள்ளேயே கப்பலேறி வந்திருப்பது எப்படித் தெரியும்?

சில வருஷம் கழித்து மரத்துக்குள் கரகரவென்று சத்தம் கேட்டதும் உனக்குப் புரிந்துவிட்டது. அந்த சூப்பர்வைசரிடம் போய், "உள்ள பூச்சி துன்னுக்கினு இருக்குது சார், மரம் தாங்காது" என்றாய். பயந்தாங்கொள்ளி என்று சிரித்து உன்னை மேலே ஏற்றினான். பரணோடு விழுந்த நீ எழுந்திருக்கவே இல்லை.

திருத்தணிக் காவடிக்கு மாலை போட்டிருந்த உன்னைப் போய்க் குடிகாரன் என்றான். விரதம் கெட்டவன் காவடி என்று நகரி பக்கத்து நம் ஊரில் அதை யாரையும் எடுக்க விடவில்லை. கிருத்திகை வந்தால் அம்மா இன்னமும் வாசலுக்கு வருவதில்லை.

நான் திருப்பதியில் பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியில் இருக்கிறேன். உன்னைக் கொன்றது எது என்று தெரிந்துகொள்ளவே இந்த வேலைக்கு வந்தேன். பரணில் சத்தம் கேட்கிறது என்று ஒரு லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் அவன். பரண் முழுக்கக் கம்பெனியிலிருந்து அள்ளி வந்த அதே பெட்டி மரம். மேலே வழவழப்பு, விரலால் அழுத்தினால் உள்ளே மாவு. ஓட்டை ஒன்றிலிருந்து கறுப்பு வண்டு எட்டிப் பார்த்தது. சத்தியமாக எனக்கு அதைக் கொஞ்சத் தோன்றியது.

ஏணியைச் சாய்த்து, மேலே ஏறி மெத்தைகளை இறக்குங்கள் என்றேன். அவன் பின்வாங்கினான்.

"நா ஏற மாட்டேன் மேடம். உள்ள பூச்சி துன்னுக்கினு இருக்குது, மரம் தாங்காது."

அதே வார்த்தை நைனா. நான் யார் மகள் என்று அப்போதுதான் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

"ஏறு. இல்லன்னா நடந்தத எழுது" என்றேன்.

நீ குடிக்கவில்லை, சொல்லச் சொல்லக் கேட்காமல் அவனே உன்னை ஏற்றியதாக எழுதிக் கொடுத்தான். கீழே படுக்கிற யாத்திரீகர்கள் பாவம், அதனால் ஆட்களை வெளியேற்றிப் பரணைப் பிரித்து எரிக்க வைத்தேன். அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு உன் காவடியை நான் எடுக்கிறேன். கிளம்பும் முன் ஊர் நடுவில் அந்தக் காகிதத்தை அவனையே நிறுத்திப் படிக்க வைப்பேன். அம்மா வாசலில் நின்று கேட்பாள்.

குடிக்காத மனுஷனின்
மூத்த மகள்