ஜப்தி நீக்கிய ஆணை

கினெஷ்மா, ரஷ்யா
9 அக்டோபர் 2024

என் கண்ணான ரிம்மோச்காவுக்கு,

நலம்தானே? உஸ்தியாவின் இருமல் விட்டதா? தொலைபேசியை நம்ப முடியாததால் இதை ஜோர்ஜியா வழியாக உங்கள் பக்கம் வரும் கிளாவ்தியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை படகுத்துறையிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, அதிகாரிகள் இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். உன் வழக்கில் பின்னால் அபராதம் விழுந்தால் வசூலிக்க வேண்டுமாம். வீடு உன் அம்மா வழியில் உன் பெயரில் இருக்கிறதே, அதன்மேல் கை வைத்துவிட்டார்கள். அறை அறையாகப் போய்ப் பட்டியல் எழுதினார்கள். பியானோ, ஃபிரிட்ஜ், தையல் மெஷின். "பூனையையும் எழுதிக்குங்க, அதுவும் அவ பேச்சைத்தான் கேக்கும்" என்றேன். சின்னவன் சிரித்துவிட்டான். பெரியவன் முறைத்தான். "குடியிருக்கலாம், விக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வக்கீலுக்கு உதவும்.

முட்டைக்கோஸை இந்த வருடம் தனியாகவே ஊறப் போட்டேன். உப்பு கூடிவிட்டது. சாப்பிட ஆளில்லாத வீட்டில் எது கூடினால் என்ன? உஸ்தியா நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

உன் சவேலி


ஹல், இங்கிலாந்து
16 நவம்பர் 2024

அன்புள்ள சவா,

உஸ்தியாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கோபம்தான் விடவில்லை. அப்பா ஏன் கூட வரவில்லை என்று என்னிடம் சண்டை போடுகிறாள். எழுதச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய தாளை இங்கே ஒருவர் மொழிபெயர்த்தார். நம் மொழியில் ஆளைப் பிடித்தாலும் அரெஸ்த், வீட்டை முடக்கினாலும் அரெஸ்த். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆளுக்கு மட்டும்தான். அவர் யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டார். என் வக்கீல் பிரிட்ஜெட் அதைப் படித்து உன்னையே சிறையில் போட்டுவிட்டதாக நினைத்து மனு எழுதிவிட்டாள். நான் போய்த் திருத்தினேன். "இல்லம்மா, அவர் வீட்லதான் இருக்காரு. வீட்டை விக்கக்கூடாதுன்னுதான் தடை" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரிம்மா, நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

போன வாரம் என் அடைக்கல விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். வெறும் தற்காலிக முடக்கம், கணவர் அங்கேயே வசிக்கிறார், உயிருக்கு ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். மார்ச்சில் மேல்முறையீடு. அதிலும் தோற்றால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்திருக்கிறேன். சொத்தை முடக்குவதற்கு ஒரு சொல், தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு சொல், அடியோடு பறிப்பதற்கு ஒரு சொல். பறிமுதல் என்று ஒரே ஒரு இடத்தில் இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். தலைக்கு மேல் இருக்கும் கூரை போகவில்லையே என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன், சவா.

வகுப்பில் போரைப் பற்றி நான் சொன்ன இரண்டு வாக்கியத்துக்காக யாரோ ஒரு மாணவனின் தாய் புகார் கொடுத்தாள் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். அதற்கா இவ்வளவு பெரிய வழக்கு என்று பிரிட்ஜெட் கேட்கிறாள். முழுக் கோப்பும் வேண்டுமாம். புலனாய்வாளரிடம் நகல் கேட்டுப் பார்.

உன் ரிம்மா


கினெஷ்மா
4 டிசம்பர் 2024

ரிம்மோச்கா,

கோப்பு கீப்பு என்று கிளறாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கேட்டால் கொடுக்கிற ஆட்களா அவர்கள்? என் வேலையும் போய்விடும்.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். புலனாய்வாளர் என்னைக் கூப்பிட்டார். "அவளை விவாகரத்து பண்ணிட்டேன், அவ செஞ்சதை நான் வெறுக்கிறேன்னு எழுதிக் கொடு. வீட்டை என் காசுலதான் புதுப்பிச்சேன்னும் எழுது. ஜப்தியை எடுத்துடறேன்" என்றார். இல்லையென்றால் வசந்தத்துக்குள் என்னைத் தெருவில் நிறுத்திவிடுவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. நீ என்ன சொல்கிறாய்?

சவேலி


ஹல்
20 டிசம்பர் 2024

சவா,

கையெழுத்துப் போடு. தாளில் எழுதுவதை நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். இருபது டிகிரிக் குளிரில் நீ தெருவில் நிற்பதால் எனக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஜப்தி நீங்கிவிட்டால் என் கையில் இருக்கும் ஒரே தாளும் செல்லாமல் போய்விடும். பிரிட்ஜெட் கத்துவாள். கத்தட்டும். நீதிபதிமுன் பொய் சொல்லாமல் வேறு வழி தேடுகிறேன்.

உஸ்தியா உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் மனைவிதான், அவர்கள் என்ன எழுதச் சொன்னாலும்,
ரிம்மா


கினெஷ்மா
5 பிப்ரவரி 2025

என் ரிம்மோச்கா,

போட்டுவிட்டேன். "எனக்கு மனைவி இல்லை" என்று எழுதும்போது பேனா இரண்டு தரம் நின்றது. ஜப்தி நீங்கிவிட்டது. ஆணை என்னிடம் இருக்கிறது. மூன்று பக்கம், எல்லாம் வழக்கமான பேச்சு. உனக்கு அனுப்பிப் பயனில்லை. யாராவது அனுப்பினாலும் படித்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சவேலி


ஹல்
30 மார்ச் 2025

சவேலி,

நீ அனுப்பாத ஆணையை, அங்கே எனக்காக நீதிமன்றம் நியமித்த வக்கீல் படமெடுத்து அனுப்பிவைத்தார். மூன்று பக்கத்தையும் நானேதான் மொழிபெயர்த்தேன்.

முதல் பக்கம் எளிது. இரண்டாம் பக்கத்தில், ஜப்தியை ஏன் நீக்குகிறார்கள் என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறது. கணவர் தொடக்கம் முதலே விசாரணைக்கு ஒத்துழைத்தவராம். 2024 மார்ச் நான்காம் தேதி தாமாக முன்வந்து வாக்குமூலம் அளித்தவராம். அடுத்த வரியில், நான் சமையலறையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே உன்னிடம் சொன்னது இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னது. "இந்தப் போர்ல நாம தோத்தாதான் நமக்கு விடிவு." ஒரு சொல் மாறவில்லை, சவேலி. நல்ல ஞாபகம் உனக்கு.

நாங்கள் பஸ் ஏறியது மார்ச் பத்தொன்பது. அந்தப் பதினைந்து நாளும் நீ என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையம்வரை வந்தாய். அழுதாய். ஒரு வருடமாக நான் யாரோ ஒரு தாயைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

'தாமாக முன்வந்து' என்பதற்குக் கொஞ்சம் மென்மையான ஆங்கிலச் சொல் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். உனக்காகத்தான் தேடினேன். கிடைக்கவில்லை.

பிரிட்ஜெட் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ ரிம்மா, நமக்கு வேணுங்கிற சான்று இதுதான்" என்றாள். நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார்கள்: "இந்த வாக்குமூலம் கொடுத்தவர் உங்க கணவரா?" ஆமாம் என்றேன். நான் அதைச் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றேன். மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டோம். ஐந்து வருடம் இங்கே இருக்கலாம்.

உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

ரிம்மா


கினெஷ்மா, படகுத்துறை
11 ஜூன் 2025

ரிம்மா,

இது மூன்றாவது கடிதம். முன்னே எழுதிய இரண்டையும் உன் கையிலேயே கொடுத்ததாகவும், நீ பிரிக்காமல் பைக்குள் வைத்ததாகவும் கிளாவ்தியா சொன்னாள். இதையாவது பிரி.

போன வருடம் மார்ச் மூன்றாம் தேதி அவர்கள் துறைக்கே வந்தார்கள். வகுப்பில் நீ பேசியது ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. "வீட்ல என்ன பேசுவா? சொல்லலைன்னா நீயும் கூட்டாளிதான். ரெண்டு பேரும் உள்ள போனா பொண்ணு அரசு விடுதிக்குத்தான் போவா" என்றார்கள். ஒரு இரவு முழுக்க யோசித்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன். சின்னதாக ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், ரிம்மா. வாயில் வந்தது அதுதான். வெளியே வந்ததும் நேராகப் போய் உங்களுக்குப் பஸ் டிக்கெட் எடுத்தேன். மூன்று எடுத்திருக்கலாம். என்னை வெளியே விடமாட்டார்கள் என்று நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், என்றைக்காவது இந்தச் சங்கதி தெரிந்தபின் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

உன் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பூட்டிவிட்டு வந்துவிட்டேன். துறையில் காவலாளி அறையில் ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள்.

மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. உஸ்தியாவிடம் இன்னும் சொல்லவில்லையென்றால், சொல்லாதே. சொல்லிவிட்டாய் என்றால், அவள் என்ன கேட்டாள் என்று மட்டும் எழுது.

சவேலி