இடது சுண்டுவிரல் என்று பதிவான கட்டைவிரல்

ஜனவரி 8, திங்கள்

பள்ளிக் கணினி அறையின் தலைமை மடிக்கணினி இன்று முதல் என் விரலுக்குக் கட்டுப்பட்டது. நிர்வாகக் கட்டளை எதற்கும் இனி பாஸ்வேர்டு தட்ட வேண்டாம், விரலை வைத்தால் போதும். பாஸ்வேர்டை இருபத்து நான்கு எழுத்துக்கு நீட்டிவிட்டேன். தட்டப் போவது யார்?

பிசிக்ஸ் பெனடிக்ட் சாருக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரே, அத எங்கயாவது எழுதி வைங்க. விரல மட்டும் நம்பாதீங்க."

பொறாமை. வேறென்ன?

ஜனவரி 14, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுவந்து வினயேட்டனிடம் காட்டினேன். கட்டிய கணவர் வாயைப் பிளக்க வேண்டாமா? "கால் விரலையும் ஏத்துக்குமாடீ?" என்று சிரிக்கிறார். ஏற்கும் என்றேன். தோற்றவர் ஒரு மாதம் மீன் வெட்ட வேண்டும் என்று பந்தயம்.

விரல் பதியும் பட்டியலில் கைவிரல்கள் மட்டும்தான். வலது கால் கட்டைவிரலை 'இடது சுண்டுவிரல்' என்று பொய் சொல்லிப் பதிந்தேன். கட்டளை கொடுத்துக் காலை வைத்தேன். ஏற்றுக்கொண்டது!

பிறகு, கால் பட்ட மடிக்கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிள்ளைகளின் பாடமும் அதில்தானே இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

மத்தி, இரண்டு கிலோ. முறைத்துக்கொண்டே வெட்டினார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பாவமாக இருந்தது. இன்று மீன் வேண்டாம், இடிச்சக்கை — பலாப்பிஞ்சு — நானே வெட்டுகிறேன் என்றேன். கையில் எண்ணெய் தடவாமல் வெட்டியது என் திமிர். பத்து விரலிலும் பிசின். மண்ணெண்ணெய், தேங்காய் நார், கடைசியில் கத்தியின் முதுகு — பிசினோடு தோலும் கொஞ்சம் போனது. தேங்காய் போட்ட தோரன் பொரியல் நன்றாக வந்தது.

நாளை பத்தாம் வகுப்புக்குக் கணினித் தேர்வு.

பிப்ரவரி 5, திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

பத்து மணிக்குத் தேர்வு. தேர்வு மென்பொருளை ஓட்ட நிர்வாகக் கட்டளை வேண்டும். ஆள்காட்டி விரலை வைத்தேன், மறுத்தது. கட்டைவிரலையும் மறுத்தது. பாஸ்வேர்டில் முதல் ஏழு எழுத்துதான் நினைவிருக்கிறது. வாசலில் நாற்பது பிள்ளைகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வு அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்தரைக்குள் தொடங்காவிட்டால் தேர்வு தள்ளிப்போகும், காரணம் நான் எழுதிக் கொடுக்கணும். என்னன்னு எழுதுவேன், சக்கைப் பிசின்னா?

அப்போதுதான் அந்தச் சுண்டுவிரல் நினைவுக்கு வந்தது.

"சார், கதவச் சாத்துங்க," என்றேன், உதவிக்கு வந்திருந்த பெனடிக்ட் சாரிடம்.

"எதுக்கு டீச்சரே?"

"சாத்துங்க, சொல்றேன்."

செருப்பைக் கழற்றினேன். சேலை கட்டிக்கொண்டு மேசை மேல் காலைத் தூக்க முடியுமா? தரையில் வைக்கலாமென்றால் ஒயர் எட்டவில்லை, பிடுங்கினால் அணைந்துவிடும். கடைசியில் பெனடிக்ட் சார் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு என் காலடியில் முட்டி போட்டார்.

"இது வெளிய தெரிய வேண்டாம் டீச்சரே."

"எனக்கு மட்டும் ஆசையா?"

அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையும் பாக்கல. சீக்கிரம்!"

முதல் தடவை மறுத்தது. தூசி. விரலைத் துடைத்து வைத்தேன். ஏற்றுக்கொண்டது! நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பெனடிக்ட் சார் சிலுவை போட்டுக்கொண்டார். பத்து இருபத்திரண்டுக்குத் தேர்வு தொடங்கியது.

பிப்ரவரி 9, வெள்ளி

புதிய பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஹெட்மாஸ்டர் பீரோவில் வைத்தேன். பெனடிக்ட் சார் சொன்னதே சரி என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன். அதற்கே பாதி உயிர் போய்விட்டது.

மாலையில் அவரே தன் மடிக்கணினியோடு கணினி அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். உட்கார்ந்து, வலது காலுறையைக் கழற்றினார்.