கரவனின் மூக்குப் பாரம்

நேற்றுக் காலை குளியலறைத் தராசைத் தூக்கியபோது அதன் ரப்பரில் பதிந்திருந்த சதுரத் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. காரின் பின்னால் இழுத்துப் போகும் நம் வீட்டுவண்டி, கரவன். காரில் கொளுவும் அதன் மூக்குக்குக் கீழே நாம் முட்டுக்கொடுத்த மரக்கட்டையின் தழும்பு. நீ இறந்த பிறகு அதுவரை அந்தத் தராசை நான் தொடவில்லை. ஆனால் நாளை உன் அம்மாவை வேல்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். நீ கொடுத்த வாக்கு அது. கரவனை இழுத்துக்கொண்டு நான் தனியாக ஓட்டப்போவது இதுவே முதல் தடவை. இரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன்.

நோர்பரியில் உங்கள் வீட்டு மேலறைக்கு நான் வாடகைக்கு வந்த வருடம், நீ ஷிப்ட் முடிந்து வந்து தேநீரைக்கூட நின்றபடிதான் குடிப்பாய். ஓரிடத்தில் இருக்க உனக்கு ஏலாது. ஒருநாள் அந்தப் பழைய கரவனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய்.

முதல் பயணத்தில் அரிசிப் பை, சட்டிபானை, சம்பல் இடிக்கக் கல்லுரல் எல்லாவற்றையும் பின்பக்கமே அடுக்கினோம். கதவு அங்கேதான் இருந்தது. மோட்டர்வேயில் ஒரு லொறி கடந்ததும் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. காரும் சேர்ந்து ஆடியது. நீ பிரேக்கைத் தொடாமல் வேகத்தை மெல்ல விட்டாய். ஓரமாக நிறுத்தியதும் கேட்டாய்: "பயந்தனியோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதை. நான் பயந்திட்டன்."

வழியிலிருந்த பார்க்கிங்கில் வாகனச் சாமான் விற்றவர், பாரத்தைக் காரின் எல்லாச் சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பெரிய கொளுக்கியைக் காட்டினார். "இதைப் பூட்டினால் யோசிக்கத் தேவையில்லை, தங்கச்சி."

"மூக்குப் பாரம் எவ்வளவெண்டு பாக்காமல் மருந்து எடுக்கிறதோ, அண்ணை?" என்றாய்.

அன்று மாலையே வீடு திரும்பி, வாசலில் தராசை வைத்து, அதன்மேல் கட்டையை நிறுத்தி, கரவனின் மூக்கை இறக்கினோம். அம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார். "அதையும் மெலியச் சொல்லப் போறியளோ?"

மெலிவுதான் பிழையாக இருந்தது. பின்பாரம் மூக்கைத் தூக்கியிருந்தது. அந்தப் பெரிய கொளுக்கி, மூக்குப் பாரம் கூடிக் காரின் பின்புறத்தை அமுக்கும்போதுதான் உதவும். நமக்கு அதனால் பயனில்லை. கல்லுரலை முன்னுக்கு நகர்த்தினோம். ஊசி, கையேடு சொன்ன அளவுக்கு ஏறியது. ஆட்டத்தை அடக்கும் சாதாரண இரும்புப் பட்டை ஒன்றோடு ஸ்கொட்லாந்துவரை போய்வந்தோம்.

நேற்று எல்லாவற்றையும் ஏற்றித் தராசில் நிறுத்தேன், சரியாக இருந்தது. இன்று மனம் கேளாமல் மறுபடி நிறுத்தேன். ஊசி இறங்கியிருந்தது. கட்டையை மாற்றி வைத்தேன். அப்போதும் அதே அளவு. கரவனின் பின்பக்க அலுமாரியைத் திறந்தேன். உன் நீலச் சூட்கேஸ் இருந்தது. உன் உடுப்புகள், கம்பளிக் கோட், வேலைக்குப் போடும் சப்பாத்து.

அம்மா வாசற்படியில் நின்றார். "அவளும் வரவேணுமெல்லோ, பிள்ளை. பாரமெண்டால் இறக்கிவிடு."

"இறக்கத் தேவையில்லை, அம்மா. இடம்தான் பிழை."

சூட்கேஸை முன்னுக்குக் கொண்டுபோய், கரவனின் சில்லுகளுக்கு நேர் மேலே அதன் தரையில் வைத்துக் கட்டினேன். கட்டு இறுகியதா என்று அம்மாவும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். திரும்பவும் நிறுத்தேன். ஊசி கொஞ்சம் நடுங்கி, நேற்றைய இடத்திலேயே வந்து நின்றது.

விடிந்ததும் வெளிக்கிடுகிறோம். மூவரும்தான்.